டிரைவர் எழுதிய குறை

எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிற டிரைவர்களில் ஜாப் கார்டைத் தன் கையாலேயே நிரப்புகிறவர் சிவபாண்டி அண்ணன் ஒருவர்தான். மற்றவர்கள் வண்டியை நிறுத்திய கையோடு, பார்த்து எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு டீக்கடைக்குக் கிளம்பிவிடுவார்கள். இவர் சீட்டை விட்டு இறங்க மாட்டார். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அட்டையை வாங்கி, ஸ்டியரிங் மேல் வைத்து, ‘டிரைவர் கூறும் குறை’ என்ற கட்டத்துக்குள் குண்டு குண்டாக எழுதித் தருவார். எழுதுவதில் ஒரு பொய் இருக்காது. ஒருமுறை, “சைடு கண்ணாடி உடைந்தது என் தப்பு. பார்க்காமல் பின்னால் எடுத்துவிட்டேன்” என்று எழுதியிருந்தார். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளும் மனுசன் ஒருவர் இருக்கிறாரே என்று நாங்கள் சிரித்தோம்.

போன வைகாசியில், ஐந்து வாரத்துக்குள் மூன்றாவது தடவையாக அவர் எழுதிக் கொடுத்தது இது: “அறுபதில் போகும்போது இன்ஜின் சத்தம் கூடுகிறது. கியர் ஆயில் சூடு விளக்கு எரிகிறது. டீசல் அதிகம் குடிக்கிறது.”

அட்டையை வாங்கியபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. கோபம் எனக்கு மூக்குக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும், வீட்டிலும் இதே பேச்சுத்தான். என் பெயர் முத்துமீனா. திருமங்கலத்துக்கு முன்னால், நாலுவழிச் சாலையை ஒட்டி இருக்கிற ஒரு டிப்பர் கம்பெனியின் ஒர்க்‌ஷாப்பில் பதினோரு வருசமாக வேலை பார்க்கிறேன். வண்டியின் கம்ப்யூட்டரில் லேப்டாப்பைச் சொருகி, எங்கே நோய் என்று சொல்வது என் வேலை. கம்பெனிக்கு முப்பது டிப்பர். அதில் நாலுதான் ஆட்டோமேட்டிக் கியர், கிளட்ச் மிதி கிடையாது. அந்த நாலில் ஒன்று சிவபாண்டி அண்ணனுடையது.

அவர் எழுதியது சாதாரணக் குறை இல்லை. ஆட்டோமேட்டிக் வண்டியில் இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே டார்க் கன்வர்ட்டர் என்று ஒரு உருண்டை இருக்கிறது. அதற்குள் ஆயில். இரண்டு காற்றாடிகளை எதிரும் புதிருமாக வைத்தால் ஒன்றின் காற்றில் மற்றது சுற்றுமே, அதைப் போல இன்ஜின் ஆயிலைச் சுற்ற, ஆயில் கியர் பாக்ஸைச் சுற்றும். வண்டி சீரான வேகத்துக்கு வந்ததும், உள்ளே இருக்கிற ஒரு கிளட்ச் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பெயர் லாக்கப். போலீஸ் லாக்கப் இல்லை, இது வேறு. அது பிடிக்காவிட்டால் ஆயில் சும்மா கலங்கிக் கலங்கிச் சூடேறும். இன்ஜின் வீணாகக் கத்தும், டீசல் போகும். இப்படியே விட்டால் ஒருநாள் கியர் பாக்ஸே வெந்துவிடும்.

முதல் தடவை ஆயிலையும் பில்டரையும் மாற்றினோம். இரண்டாம் தடவை லாக்கப்புக்கு ஆயிலைத் திறந்துவிடும் சோலனாய்டை மாற்றினேன். இரண்டு தடவையும் நானே வண்டியைக் கப்பலூர் பாலம் தாண்டி விருதுநகர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். அறுபதில் அழகாகப் பிடித்தது. பிரேக்கை நுனிக்காலால் லேசாகத் தொட்டேன். தொட்டதும் லாக்கப் விட்டு, இன்ஜின் சுற்று ஏறியது. காலை எடுத்ததும் மறுபடி பிடித்தது. அப்படித்தான் செய்ய வேண்டும். வண்டி நிற்கப்போகிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் விட்டுவிடும், இல்லையென்றால் இன்ஜின் அணைந்துபோகும். ஆக, எல்லாம் சரி. நான் ஓட்டினால் பசுவாகப் போகிற வண்டி அவர் ஓட்டினால் மட்டும் முட்டுகிறது என்றால் நான் யாரைச் சந்தேகப்படுவேன்?

எங்கள் மேனேஜர் சூர்யபிரகாஷுக்கு அந்தச் சந்தேகம்கூட இல்லை. “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்று என்னிடம் சொன்னான். பிறகு ஜன்னல் பக்கம் போய், அண்ணனிடம் பணிவாகவே பேசினான். இந்தத் தடவையும் கண்டுபிடிக்க முடியாவிட்டால் கியர் பாக்ஸை இறக்கிச் சென்னைக்கு அனுப்பிவிடலாம், அது திரும்பி வர ஒரு மாதம் ஆகும், அதுவரை அண்ணன் கிளட்ச் வண்டி ஒன்றை ஓட்டட்டும் என்றான்.

சாதாரணப் பேச்சுத்தான். ஆனால் அண்ணன் முகத்தில் ரத்தம் வற்றிப்போனதை நான் பார்த்தேன். பெரிய மீசையும் தடித்த கழுத்துமாக நாற்பத்தேழு வயசு ஆள், பள்ளிக்கூடத்தில் டிசி கிழித்துக் கொடுத்த பையனைப் போல விழித்தார். பிறகு என்னைப் பார்த்து, “தங்கச்சி, ஒரு நாள் என்கூட வா. ஓட்டும்போது பாரு. வண்டி சொல்லும்” என்றார்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அன்றைக்கு அவர் என்னைக் கூப்பிடாமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு காலி வண்டியில் கொட்டாம்பட்டி குவாரிக்குப் போனோம். கேபினில் மீனாட்சி படம், அதற்கு ஒரு முழம் கதம்பம், சீட்டுக்குப் பின்னால் சோற்றுத் தூக்கு. மடியில் லேப்டாப்போடு நான் உட்கார்ந்திருந்தேன். ஒத்தக்கடை தாண்டி அறுபதைத் தொட்டதும் லாக்கப் பிடிக்கவில்லை. இன்ஜின் கத்திக்கொண்டே வந்தது. ஐந்து வாரமாக இந்த மனுசன் பொய் சொல்கிறார் என்று நினைத்திருந்ததற்கு எனக்கு வெட்கமாகப் போயிற்று. அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். அவர் சிரித்தார்.

குவாரியில் ஜல்லி ஏற்றுகிறவரை மற்ற டிரைவர்கள் இறங்கி நிழலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் இறங்கவில்லை. டீகூட மேலேயே வந்தது. கம்பெனியில் இவருக்கு மகராசா என்று பட்டப்பெயர் இருப்பது எனக்குத் தெரியும். மகராசா தரையில் கால் வைக்க மாட்டார் என்பார்கள். நானும் அதைத் திமிர் என்றே எடுத்துக்கொண்டேன்.

லோடோடு திரும்பும்போது ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தேன். ஆயில் சூடு சரி. வேகம் அளக்கிற சென்சார் சரி. பிறகு பார்த்தால், லாக்கப் பிடிக்கப் போய் நழுவவில்லை. பிடி என்று கம்ப்யூட்டர் உத்தரவே போடவில்லை. அப்படியானால் கியர் பாக்ஸில் நோய் இல்லை. பிடிக்கக் கூடாது என்று எதுவோ கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. கியர் பாக்ஸை இறக்க வேண்டியதில்லை, அண்ணன் சீட் மாற வேண்டியதில்லை என்றேன். அவருக்கு அம்புட்டு சந்தோசம். மேலூர்ப் பக்கம் வந்தபோது பின்னால் வந்த வேன் ஒன்று லைட் அடித்துக்கொண்டே வந்து, முந்தும்போது டிரைவர் கையை ஆட்டி என்னவோ கத்திவிட்டுப் போனான். பங்குனியிலிருந்து பின்னால் வருகிறவன் எல்லாம் இப்படித்தான், நாம் லோடோடு மெதுவாகப் போவது பொறுக்கவில்லை என்று அண்ணன் அலுத்துக்கொண்டார்.

அந்த மாதத்தில் மட்டும் இந்த வண்டிக்கு இரண்டு தடவை பிரேக் லைட் பல்பு மாற்றியிருந்தோம். மாற்றியது என் கைதான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. படித்த படிப்பு எங்கே மேயப் போனதோ.

திரையில், மிதியைத் தொட்டால் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் பிரேக் ஸ்விட்சின் வரியைக் கொண்டுவந்தேன். ‘மிதிக்கப்பட்டுள்ளது’ என்று இருந்தது. வண்டியோ அறுபதில் போகிறது.

“அண்ணே, பிரேக்குல காலை வச்சிருக்கீங்களா?”

“இல்லையே தங்கச்சி. சோத்துக்கால் ஆக்சிலேட்டர்ல இருக்கு. இந்தக் காலுக்கு இந்த வண்டியில என்ன வேலை? அது பாட்டுக்கு ஓரமா கெடக்கு.”

அவ்வளவு நம்பிக்கையாகச் சொன்னார். நான் குனிந்து பார்த்தேன். இடது கால் மடங்காமல் விறைப்பாக முன்னால் நீண்டிருந்தது. நுனி தொங்கிப்போன செருப்புப் பாதம் பிரேக் மிதியின் இடது ஓரத்தில் சாய்ந்து கிடந்தது. பெரிய அழுத்தம் இல்லை, வண்டியை நிறுத்துகிற அளவுக்கு இல்லை. ஆனால் ஸ்விட்சுக்குத் தொட்டாலே போதும். பின்னால் பிரேக் லைட்டும் அணையாமல் எரிந்துகொண்டே வந்திருக்கிறது.

கண்ணுக்கு நேராகப் பொய் சொல்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒன்றும் பேசாமல், இரண்டு கையாலும் அந்தப் பாதத்தைத் தூக்கி ஓரமாக வைத்தேன். மூச்சு விடுகிற நேரம்தான். இன்ஜின் சத்தம் சட்டென்று அடங்கியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் நின்ற சுற்று ஆயிரத்து ஐந்நூறுக்கு இறங்கி நின்றது. லாக்கப் பிடித்துவிட்டது.

டிரைவருக்குக் காதுதான் கண். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். முகம் மலர்ந்தது. ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் என்னிடம் கேட்டார்:

“தங்கச்சி, இப்ப எதைத் தொட்ட?”

இரண்டு கையாலும் தூக்கி வைத்திருக்கிறேன். அவருக்குத் தெரியவில்லை.

“உங்க காலைத்தாண்ணே.”

அவர் இண்டிகேட்டர் போட்டு, சர்வீஸ் ரோட்டில் இறக்கி, வண்டியை ஓரங்கட்டினார். இன்ஜினை அணைத்ததும் கேபினுக்குள் வெயில் வந்து உட்கார்ந்துகொண்டது. அங்கே வைத்துத்தான் எல்லாவற்றையும் சொன்னார்.

சொந்த ஊர் திருமங்கலத்துக்கு மேற்கே. அப்பா அடுத்தவன் காட்டில் கூலிக்கு உழுதவர். இவர் பதினாறு வயசில் லாரியில் ஏறியவர், இருபத்திரண்டில் டிரைவர். குஜராத் வரைக்கும் போய் வந்திருக்கிறார். இறங்கி நடக்கிற உலகத்தைவிட மேலே உட்கார்ந்து பார்க்கிற உலகம்தான் அவருக்குப் பழக்கம். நாலு வருசத்துக்கு முன்னால் இதே ரோட்டில், குறுக்கே புகுந்த டிராக்டருக்காக ஒடித்ததில் லாரி கவிழ்ந்து, முட்டி நொறுங்கியது. தகடு வைத்துத் தைத்தார்கள். நரம்பு ஒன்று போய்விட்டது, பாதம் கொஞ்சம் தொங்கத்தான் செய்யும் என்று டாக்டர் சொன்னாராம். விளாங்குடியில் வாடகை வீட்டுக் கட்டிலில் பதினோரு மாதம். மனைவி தங்கப்பொண்ணு தையல் கம்பெனிக்குப் போய்ச் சோறு போட்டாள். பிறகு ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன் வேலை. அதை நாலு மாதத்துக்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. போகிற வண்டியையும் வருகிற வண்டியையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது என்றார்.

எங்கள் கம்பெனி கிளட்ச் இல்லாத டிப்பர் வாங்கியிருப்பதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். இடது காலுக்கு வேலையே இல்லாத வண்டி. ஆனால் நொண்டுகிறவனுக்கு டிப்பரைக் கொடுப்பார்களா? ஆள் எடுக்கிறதுக்கு முந்தின வாரம் கம்பெனி கேட்டுக்கு வந்து, அங்கிருந்து ஆபீஸ் வாசல் வரைக்கும் கண்ணால் அளந்துவிட்டுப் போனாராம். நாற்பது எட்டு. வீட்டு மொட்டைமாடியில் ஒரு வாரம் தங்கப்பொண்ணு எதிரில் நின்று பார்க்க, நாற்பது எட்டை நொண்டாமல் நடந்து பழகியிருக்கிறார். நாற்பத்தொன்றாவது எட்டில் முட்டி வலியில் உயிர் போகுமாம். ஆபீஸில் நாற்காலி கொடுத்துவிட்டார்கள், தப்பித்தார்.

அன்றிலிருந்து அந்த வண்டிதான் அவருக்குச் சிறை. எல்லாருக்கும் முன்னால் வந்து ஏறிக்கொள்வார், எல்லாரும் போனபிறகு இறங்குவார். மற்ற டிரைவர்களோடு டீக்கடையில் நின்றதில்லை, யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் போனதில்லை. தன் சீட்டில் வேறொருவன் உட்கார்ந்துவிட்டால் திரும்பக் கிடைக்காதோ என்று இரண்டு வருசமாக ஒரு நாள் லீவு எடுத்ததில்லை. அந்த வண்டி நல்லா இருக்க வேண்டுமே என்றுதான் சின்னச் சத்தத்தைக்கூட ஜாப் கார்டில் எழுதியிருக்கிறார். முன்பெல்லாம் காலைக் கொஞ்சம் மடக்கி சீட்டடியில் வைத்துக்கொள்வாராம். பங்குனியிலிருந்து முட்டி மடங்கவில்லை. நீட்டி வைத்தது எங்கே போய் விழுந்தது என்பது அவருக்குத் தெரியவில்லை. தன் குறையைத் தானே எழுதி, தானே என்னைக் கூட்டி வந்து காட்டியிருக்கிறார்.

“ஸ்விட்ச்சு போச்சுன்னு எழுதிரு தங்கச்சி” என்றார். “எனக்கு இதை விட்டா வேற வண்டி இல்ல.”

நான் சரி என்றேன். யோசிக்கவே இல்லை. அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு வேறு என்ன சொல்வது? பையிலிருந்து அட்டையை எடுத்து, மெக்கானிக் கட்டத்தில், ‘பிரேக் ஸ்விட்ச் பழுது. மாற்றப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அவர் தோளில் கிடந்த துண்டை உருவி, இடது கணுக்காலைச் சுற்றி முடிந்து, மறுமுனையை சீட்டின் இரும்புக் காலில் இழுத்துக் கட்டினார். கன்றுக்குட்டியைக் கட்டுவதைப் போலத்தான் கட்டினார். இனி அது மிதிப் பக்கம் போகாது.

வண்டி பறந்தது. ஒத்தக்கடை, ரிங் ரோடு, எங்கும் லாக்கப் ஒரு தடவைகூட விடவில்லை. இன்ஜின் இருப்பதே தெரியவில்லை. பின்னால் யாரும் லைட் அடிக்கவில்லை. அண்ணன் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். தங்கப்பொண்ணு நல்ல பெல்ட்டாகத் தைத்துக் கொடுப்பாள், அறுபது வயசு வரைக்கும் ஓட்டிவிடலாம் என்றார். நானும் பிளாஸ்டிக் கொக்கி போட்டால் சுலபமாக இருக்கும் என்று யோசனை சொன்னேன். இப்போது நினைத்தால் என் மேலேயே எனக்குக் காறித் துப்பலாம் போலிருக்கிறது.

மத்தியானம் ஒரு மணிக்கு எங்கள் யார்டுக்குள் வந்து நின்றோம். முடிச்சு இறுகிப்போய் அவருக்கு எட்டவில்லை. நான் குனிந்து அவிழ்த்தேன். துண்டு என் கையில் ஈரமாக இருந்தது. வண்டியின் அதிர்வில் ஒன்றரை மணி நேரம் உரசி உரசி, கணுக்காலைச் சுற்றித் தோல் வழன்று, சதை தெரிந்தது. வெள்ளைத் துண்டில் ஒரு சாண் அகலத்துக்கு ரத்தம்.

அவர் குனிந்து பார்த்தார். விரலால் அந்த இடத்தைத் தொட்டார். பிறகு அழுத்தினார். ரத்தம் கசிந்தது. அவர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

“வலிக்கலையே” என்றார்.

நான் முதலுதவிப் பெட்டியைத் தேடினேன். அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ரிங் ரோட்டில் எங்களுக்கு முன்னால் ஒரு பைக்கில் புருசன், பொண்டாட்டி, நடுவில் சின்னப்பிள்ளை போனதையும், எங்களுக்குப் பின்னால் பள்ளிக்கூட பஸ் வந்ததையும் கவனித்தாயா என்று கேட்டார். நான் கவனிக்கவில்லை.

“பங்குனியில இருந்து லேசாத்தான் மிதிச்சிருக்கு. ஒரு நாள் நல்லா அழுத்தி மிதிச்சுச்சுன்னா, இல்ல பிரேக்குக்கு அடியில போய் மாட்டிக்கிச்சுன்னா, எனக்குத் தெரியுமா தங்கச்சி?”

பதினோரு வருசமாக எத்தனையோ கேள்விக்கு லேப்டாப்பைப் பார்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அதை மூடிப் பையில் வைத்தேன்.

அவர் அட்டையைக் கேட்டார். நான் எழுதியதைப் படித்துவிட்டு, அதன் மேல் ஒரு கோடு போட்டார். வழக்கம்போல ஸ்டியரிங் மேல் வைத்து, ‘டிரைவர் கூறும் குறை’ கட்டத்தில் மிச்சமிருந்த இடத்தில் எழுதினார்: “வண்டியில் குறை இல்லை. டிரைவருக்கு இடது காலில் உணர்ச்சி இல்லை. பிரேக் மேல் கால் இருந்தது அவருக்குத் தெரியவில்லை. இப்படிக்கு, சிவபாண்டி.” என் கையெழுத்தின் மேலும் ஒரு கோடு போட்டுவிட்டார். அது எனக்காகப் போட்டது.

பிறகு பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க, வண்டியை விட்டு இறங்கினார். சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்த டிரைவர்கள் கையில் சோற்றோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகராசா தரையில் கால் வைத்துவிட்டார். ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து, தொங்குகிற பாதத்தை இழுத்து இழுத்து ஆபீஸ் வரைக்கும் நடந்தார். அன்றைக்கு நொண்டியதை மறைக்கவில்லை. எட்டுகளை நான் எண்ணவில்லை. கேபினுக்குள் உட்கார்ந்து அழுதேன்.

சூர்யபிரகாஷ் கெட்டவன் இல்லை. அட்டையை இரண்டு தடவை படித்தான். சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டான், வேலையை விட்டு அனுப்பவில்லை. வேறு என்ன செய்ய முடியும் என்று என்னிடம் கேட்டான். அடுத்த வாரத்திலிருந்து சிவபாண்டி அண்ணனை கேட்டில் உட்கார வைத்தான்.

தகரக் கூரை போட்ட சின்ன அறை, ஒரு காற்றாடி, ஒரு நோட்டு. முப்பது வண்டிகள் போகும்போதும் வரும்போதும் நேரம் எழுதிக் கேட்டைத் திறந்து மூட வேண்டும். இப்போதும் குண்டு குண்டாகத்தான் எழுதுகிறார். வண்டி உள்ளே வரும்போதே சத்தத்தைக் கேட்டு, நாலாம் நம்பருக்கு பேரிங் போகிறது, ஏழாம் நம்பருக்கு டர்போ விசில் அடிக்கிறது என்று எனக்குச் சொல்லி அனுப்புவார். இதுவரை ஒன்றும் தப்பியதில்லை. டிரைவர்கள் இப்போது அவரோடு நின்று டீ குடிக்கிறார்கள். மகராசா என்று யாரும் கூப்பிடுவதில்லை, அதற்குப் பதிலாக அண்ணே என்கிறார்கள். அவர் சிரிக்கிறார். ஆனால் கேட்டுக்கு வெளியே ரோட்டைப் பார்க்கும்போது அந்தக் கண்ணை என்னால் நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை.

போன வாரம் சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பி கேட்டருகே ஸ்கூட்டியை நிறுத்தினேன். அவர் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்.

“தங்கச்சி, நம்ம வண்டி அறுபதுல பிடிக்குதா?”

“பிடிக்குதுண்ணே. ஒரு தடவைகூட விடலையாம்.”

“அப்ப நான் கடைசியா எழுதுனது சரிதான்” என்றார்.

அந்த நேரம் அதே வண்டி லோடோடு வந்து நின்று ஹாரன் அடித்தது. அவர் நோட்டில் நேரத்தை எழுதிவிட்டு, கம்பியைப் பிடித்து எழுந்து, கேட்டைத் திறக்கப் போனார்.